வீட்டுக்குப் பின்னால கிருஷ்ணப்பருந்து கூடு கட்டுது, தொந்தரவு பண்ணாம எப்படி படம் எடுக்கது?

ஜெனி_புத்தளம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு புத்தளம் பக்கம். வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் தென்னை, அதுக்கு அங்கன ஒரு பெரிய புன்னை, அதத் தாண்டுனா உப்பளம் ஆக்கும். கிறிஸ்மஸ் முடிஞ்சதுல இருந்து ரெண்டு கிருஷ்ணப்பருந்து அந்த புன்னைக்கு குச்சி கொண்டு வந்துட்டே இருக்கு. செம்பருந்துன்னும் சொல்லுவாங்கல்லா, தலையும் நெஞ்சும் வெள்ளை, மத்ததெல்லாம் செங்கல் கலரு, அதுதான். பக்கத்து வீட்டு பாட்டி கருடன் வந்துட்டுன்னு தெனமும் கன்னத்துல போட்டுக்கிடும்.

எனக்கு இதப் பாக்கப் பாக்க மனசு நெறஞ்சு போவுது. பட்டுப்போன வேம்பு ஒண்ணு நிக்கு, அதுல வந்து உக்காராம பறந்துட்டே வந்து கால நீட்டி காஞ்ச கம்ப பிடிச்சு தன்னோட மொத்த எடையையும் அதுல போட்டு முறிச்சு எடுத்துட்டு அப்படியே போகும், அந்த முறியுற சத்தம் எங்க மொட்டைமாடி வரைக்கும் கேக்கும். குச்சி மட்டும் இல்ல, நேத்து பச்ச நைலான் மீன்வலைத் துண்டு ஒண்ண கால்ல தொங்கவிட்டு கொண்டு போச்சு.

என்கிட்ட கேனான் 1500டி இருக்கு, கூட 55-250 லென்ஸ். மாடியில நின்னு எடுத்தா பறவை சின்னதா தான் விழுது. கேக்க வேண்டியது இதுதான்: லென்ஸ் மாத்தணுமா இல்ல நிக்கான் பி950 மாதிரி பெரிய ஜூம் கேமரா ஒண்ணு வாங்கணுமா. அப்புறம் சொந்தக்கார பையன் ஒருத்தன் மாடியில மீன் குடலும் தலையும் வச்சா பக்கத்துலயே வந்து எறங்கும், சூப்பரா எடுக்கலாம்னு சொல்லுதான், செய்யலாமா? எனக்கு என்னமோ அது சரியா படல, ஆனா ஏன்னு சொல்லத் தெரியல. இன்னொண்ணு, இந்த ஜோடி கூட அப்பப்ப முழுசும் தவிட்டு கலர்ல ஒரு பருந்து சுத்துது, அது என்ன? முருங்கையில காலையில புறா சைஸ்ல சாம்பல் கலர்ல ஒண்ணு வந்து உக்காருது, நெஞ்சுல வரி வரியா இருக்கு, அது வல்லூறா?

சுயம்பு_பொத்தையடி:

தங்கச்சி, மொதல்ல அந்த மீன் விஷயத்த சொல்லிருதேன். வேண்டாம். மாடியில குடல் வச்சா மொதல்ல வாறது பருந்து இல்ல, காக்கா. காக்கா ஒருக்க ஒரு எடத்த படிச்சிட்டுன்னா பின்ன விடாது, தெனமும் கூட்டமா அங்கயே கெடக்கும், கூட்டுல இருக்கது ஒரு நிமிசம் எழும்பினா போதும் முட்டை போயிரும். தெரு நாய் வரும், பூனை வரும், அக்கம்பக்கத்துல நாத்தம்னு சண்ட வரும், கடைசியில பருந்து மேல தான் பழி விழும். ஒங்களுக்கு சரியா படலன்னு தோணினது சரிதான்.

இப்போ கூடு. நம்ம பக்கத்துல இதுக்கு டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தான் சீசன். பெரும்பாலும் ரெண்டு முட்டை, நாலு வாரம் கிட்ட அடை, அதுக்கப்புறம் குஞ்சு பறக்க ஆறு ஏழு வாரம். கூடு கட்டுற சமயமும் முட்டை மேல இருக்க சமயமும் தான் ரொம்ப கவனமா இருக்கணும், இப்ப பயந்துச்சுன்னா கூட்டையே விட்டுட்டு போயிரும். குஞ்சு பொரிச்ச பெறவு அவ்வளவு லேசுல விடாது, ஆனா அப்ப வேற ஒரு ஆபத்து இருக்கு, மதியம் வெயில்ல தாய் செறக விரிச்சு நெழல் குடுக்கும், நாம பக்கத்துல போயி அத எழுப்பி விட்டோம்னா அந்த வெயில்ல குஞ்சு தாங்காது. இது எல்லாம் ஒழுங்கா நடந்துச்சுன்னா அடுத்த வருசமும் அதே மரத்துக்கு வரும், பழைய கூட்டு மேலயே குச்சி அடுக்கும்.

ஒங்களுக்கு கெடச்சிருக்கது பெரிய பாக்கியம், ஏன்னா மாடியில நீங்க துணி காயப்போடுகத அது தெனமும் பாக்குது, நீங்க அதுக்கு புது ஆள் இல்ல. அத கெடுக்காம இருந்தா போதும். தெனமும் ஒரே எடத்துல இருங்க, தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு பழைய சேலையக் கட்டி அதுக்குப் பின்னால ஸ்டூல் போட்டு உக்காருங்க, கேமராவ தூக்கிட்டு திடீர்னு எழும்பி நிக்கது, கைய நீட்டிக் காட்டுகது இதெல்லாம் வேண்டாம். பறவை வேலைய நிறுத்திட்டு ஒங்களையே பாத்துட்டு இருக்கா, கழுத்த நீட்டுதா, கத்திட்டு மேல வட்டம் போடுதா, கீழ எறங்கிருங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம். கூட்டயே குறி வைக்காதிய. அதுக்கு உக்காருற கொம்புன்னு ஒண்ணு ரெண்டு இருக்கும், அந்த பட்ட வேம்பு மாதிரி, மீன் கொண்டு வந்தா கூட்டுக்கு போறதுக்கு முன்ன அங்கன தான் வந்து நிக்கும். அந்தக் கொம்புல போகஸ் வச்சுட்டு காத்திருங்க. கூட்டுல இருக்க படத்த விட அது எத்தனையோ மடங்கு நல்லா வரும், கால்ல மீனோட முழு ஒடம்பும் தெரியும்.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கூட்டையோ முட்டையையோ தொந்தரவு பண்ணுகது வேட்டைங்க கணக்குல தான் வரும். மரத்துல ஏறுகேன், கெளைய வெட்டி வழி பண்ணுகேன், டிரோன் விடுகேன்னு யாராவது வந்தா இத சொல்லி அனுப்பி விடுங்க.

ஷாஜி_குளச்சல்:

அண்ணே சொன்னதுல மீன் மேட்டர் மட்டும் எனக்கு முழுசா ஒத்துக்க முடியல. எங்க கடப்புறத்துல வள்ளம் கரைக்கு வந்தா குடலும் கழிவு மீனும் தெனமும் தண்ணியில தான் எறியுதாங்க, கரமடி, அதாவது கரையில நின்னு இழுக்க வலை, இழுக்கச்சில அதுக்கு மேல பருந்து சுத்திட்டே நிக்கும், சிந்துற சாளையையும் நெத்தோலியையும் தண்ணியில காலு மட்டும் படுகது மாதிரி வந்து கோரிட்டுப் போயி பறந்துட்டே கால்ல இருந்து கொத்தித் திங்கும். எத்தனை தலைமுறையா நடக்கது இது. பின்ன அந்த அக்கா ரெண்டு மீன் தலை வச்சா மட்டும் என்ன கேடு வந்துரப் போகுது?

சுயம்பு_பொத்தையடி:

ஷாஜி தம்பி, கேள்வி நியாயம் தான். கடப்புறத்துல எறியுறது திறந்த வெளி, கூடு பக்கத்துல இல்ல, அங்க காக்கா கூடினாலும் முட்டைக்கு ஆபத்து இல்ல. இவங்க வீட்டு மாடி கூட்டுக்கு அடுத்தாப்புல இருக்கு. அதான் வித்தியாசம். அதுவும் போக மனுசன் கையில தீனின்னு ஒரு பறவை படிச்சிட்டுன்னா எல்லா மனுசனும் ஒங்கள மாதிரி இருக்க மாட்டான், எவனாவது கோழிக்குஞ்ச தூக்கிட்டுன்னு கல்லெறிவான்.

ஆனா தம்பி சொன்னதுல ஒங்களுக்கு நல்ல வழி ஒண்ணு கெடக்கு ஜெனி. பக்கத்துல படம் வேணும்னா நீங்க கடப்புறத்துக்கு போங்க, பருந்த வீட்டுக்கு கூப்பிடாதிய. காலைல வள்ளம் வர்ற நேரத்துக்கு நின்னா அதுவே நம்ம தலைக்கு மேல வரும், 250 லென்ஸே அங்க தாராளம்.

ஷாஜி_குளச்சல்:

கூடு பக்கத்துலங்கறத நான் யோசிக்கல அண்ணே, அது சரிதான். அக்கா குளச்சல் வந்தீங்கன்னா ஞாயித்துக்கெழம வேண்டாம், அன்னைக்கு கடலுக்கு போக மாட்டாங்க. மீன்காரங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எடுங்க, ஏலம் நடக்க எடத்துல குறுக்க நிக்காம இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

லதா_தக்கலை:

ஜெனி, ஒன்னோட தவிட்டுக் கலர் பருந்துக்கு வாறேன். வால பாரு, அதுலயே பாதி முடிஞ்சிரும். பறக்கும்போது வால் நுனி உருண்டையா விசிறி மாதிரி இருந்தா அது கிருஷ்ணப்பருந்தோட எளசு, தலை வெள்ளையாக பல மாசம் ஆகும், அது வரைக்கும் ஒடம்பு முழுசும் தவிடு தான். வால் நடுவுல கவட்டை மாதிரி பிளந்து இருந்தா கள்ளப்பருந்து. எளசு கிருஷ்ணப்பருந்துக்கு றெக்கைக்கு அடியில மணிக்கட்டு பக்கம் வெளிறிப் போன ஒரு திட்டும் தெரியும். அந்த ஜோடி அத வெரட்டாம பக்கத்துல சேத்துக்கிட்டா போன வருச குஞ்சா இருக்க வாய்ப்பு இருக்கு, ஆனா படத்த பாக்காம அடிச்சு சொல்ல மாட்டேன்.

முருங்கையில வர்றது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. சாம்பல் முதுகு, வரி நெஞ்சு, புறா சைஸ், உடனே எல்லாரும் வல்லூறுன்னு சொல்லிருவாங்க. அக்காக்குருவியும் அச்சு அசல் அப்படியே இருக்கும். அது ஒரு குயில் ஜாதி, பறக்குறதும் வாலை ஆட்டிட்டு உக்காருறதும் கூட வல்லூறு மாதிரியே தான், அத பாத்து தவிட்டுக்குருவி பயந்து கூட்ட விட்டு ஓடினா இது அதுல முட்டை போட்டுட்டு போயிரும். மூக்க பாரு. வல்லூறுக்கு நுனி கீழ கொக்கி மாதிரி வளஞ்சு இருக்கும், அக்காக்குருவிக்கு நேரா தான் இருக்கும், லேசா நுனி வளையும் அவ்வளவு தான். கால் வெரல பாக்க முடிஞ்சா இன்னும் நல்லது, வல்லூறுக்கு நல்ல நீள நகம். தொண்டை நடுவுல மேல இருந்து கீழ ஒரு கருங்கோடு இருந்தா வல்லூறு தான். கண்ணு செவப்பா இருந்தா ஆண், மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தா பொண்ணு.

படம் எடுக்க முடியலன்னா காதால கண்டுபிடிக்கலாம். வல்லூறு வந்தா அணில் எல்லாம் மரத்தோட ஒட்டிட்டு விடாம ஒரே தாளத்துல கத்தும், மைனா கூட்டம் சட்டுன்னு எழும்பும், அந்த முருங்கையச் சுத்தி ஒரு பதட்டம் தெரியும். ஆனா ஒண்ணு, வல்லூறு சத்தம் கேட்டு ஓடிப் போயி பாத்தா கரிச்சான் கம்பியில உக்காந்துட்டு அதே மாதிரி கத்திட்டு இருக்கும், அது நல்லா மிமிக்ரி பண்ணும். அதனால சத்தத்த மட்டும் நம்பி எழுதிராத.

அஜின்_மார்த்தாண்டம்:

கேமரா பத்தி நான் சொல்றேன். அக்கா ஒங்க 1500டி சென்சார் சின்னதுங்கறதால 250ல எடுத்தா 400 எம்எம் மாதிரி நெருக்கம் கெடைக்கும், 24 மெகாபிக்சல் இருக்கு, நல்லா கிராப் பண்ணிக்கலாம். நான் ஒங்க எடத்துல இருந்தா இந்த சீசன் முழுக்க இதுலயே எடுப்பேன், லென்ஸ் வாங்குறத பத்தி ஏப்ரல்ல யோசிப்பேன்.

பி950ல 2000 எம்எம் வரைக்கும் போகும், கொம்புல உக்காந்திருக்க பறவைய தூரத்துல இருந்து தொந்தரவே இல்லாம எடுக்க நல்லது, கூட்டுல இருந்து தள்ளி நிக்க அதவிட நல்ல கருவி இந்த வெலைக்கு இல்ல. ஆனா சென்சார் ரொம்ப சின்னது, வெளிச்சம் கொறைஞ்சா படம் மணல் மணலா வரும், பறக்குறத பிடிக்கிறது கஷ்டம். 150-600 லென்ஸ் அருமையா இருக்கும் ஆனா ரெண்டு கிலோ கிட்ட கனம், கையில வச்சுட்டு ஒரு மணி நேரம் நிக்க முடியாது, மோனோபாட், அதாவது ஒத்தக்கால் ஸ்டாண்டு, வேணும். பழசு வாங்கினா லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்து வாங்குங்க, நம்ம ஊர்ல பூஞ்சை பிடிக்காத லென்ஸ் கெடைக்கிறதே பெருசு. நமக்கு ரெண்டு மழையும் பெய்யும்லா, ஜூன்லயும் ஈரம் அக்டோபர்லயும் ஈரம். காத்து போகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்க, லெதர் பைக்குள்ள வச்சு அலமாரில பூட்டாதீங்க.

செட்டிங்: நகர்றத விடாம போகஸ் பண்ணுற ஏஐ சர்வோ, நடு போகஸ் பாயிண்ட் மட்டும். 1500டில 9 பாயிண்ட் இருக்கு ஆனா நடுவுல இருக்கது தான் நம்பகமா பிடிக்கும். ஷட்டர் வேகம் பறக்குறதுக்கு 1/2000, உக்காந்திருந்தா 1/500 போதும், ஐஎஸ்ஓ தானா மாற விட்டுருங்க. நொடிக்கு 3 படம் தான் இந்த கேமராவுல, அதனால பட்டன அழுத்திட்டே இருக்காம, செறகு மேல எழும்புற நேரம் பாத்து அழுத்துங்க.

கிருஷ்ணப்பருந்துல எல்லாருக்கும் வர்ற பிரச்சினை அந்த வெள்ளைத் தலை. பின்னால பச்சை எலை இருட்டா இருந்தா கேமரா வெளிச்சத்த ஏத்திரும், தலை வெறும் சுண்ணாம்பா போயிரும், இறகு ஒண்ணு கூட தெரியாது. அப்போ எக்ஸ்போஷர் மைனஸ் முக்கால் வரைக்கும் கொறைங்க. அதே பறவை வெளுத்த வானத்துல பறந்தா நேர்மாறா பிளஸ் ஒண்ணு ஏத்தணும், இல்லாட்டி அடிவயிறு கருப்பா விழும். உப்பளத்து மேல பத்து மணிக்கு பெறவு எடுக்காதீங்க, சூட்டுல காத்து நெளிஞ்சு எந்த லென்ஸ் போட்டாலும் ஷார்ப் வராது. கடக்கரைக்கு போயிட்டு வந்தா ஈரத்துணியால கேமராவ தொடைங்க, உப்பு உள்ள எறங்கிரும்.

ஜெனி_புத்தளம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுயம்பு அண்ணன் சொன்ன மாதிரி டேங்க் பக்கத்துல சேலை கட்டி உக்காந்தேன், பட்ட வேம்புல ஒண்ணு சின்ன திலேப்பியாவோட வந்து நின்னுச்சு, எக்ஸ்போஷர் கொறச்சு எடுத்தேன், தலையில இறகு இறகா தெரியுது. கண்ணுக்கு முன்ன இருக்க மஞ்சத் தோல் கூட விழுந்திருக்கு. லதா அக்கா, முருங்கையில நிக்கதுக்கு தொண்டையில கோடு இருக்கு, கண்ணு செவப்பு. தவிட்டுப் பருந்துக்கு வால் உருண்டை தான்.

இப்போ கவலை அந்த வலை. இன்னைக்கும் ஒரு துண்டு கொண்டு போச்சு. குஞ்சு காலுல சுத்தினா என்ன பண்ணுகது?

சுயம்பு_பொத்தையடி:

அது உண்மையிலேயே கவலப்பட வேண்டிய விஷயம் ஆக்கும். பருந்து ஜாதிக்கு துணி, கயிறு, பிளாஸ்டிக் எல்லாம் கூட்டுல வைக்க பழக்கம் உண்டு. தங்கூஸ் வலை, அந்த நைலான் நரம்பு வலை தான், ஒருக்க கால்ல சுத்தினா குஞ்சு வளர வளர அது சதைய அறுத்துட்டு உள்ள போகும், பறக்க வேண்டிய நாள்ல கூட்டுலயே தொங்கிட்டு கெடக்கும். இப்ப கூட்டுல இருக்கத எடுக்க யாரும் ஏறக்கூடாது. வேற துண்டு போகாம பாக்கது தான் நம்ம கையில இருக்கு. உப்பளத்து வரப்புலயும் வாய்க்கால் ஓரமும் கெடக்க வலைத் துண்டு, தூண்டில் நரம்பு, பட்டம் நூல் எல்லாம் பொறுக்கி எடுத்துருங்க, சாக்குல கட்டி வையுங்க, வெளிய போட்டா திரும்ப கொண்டு போயிரும். குஞ்சு பெருசான பெறவு ஒண்ணு மட்டும் ஒரே எடத்துல செறக அடிச்சுட்டு நகராம கெடந்தா வனத்துறைக்கு சொல்லுங்க, நீங்களா ஆள் ஏத்தாதிய.

ஷாஜி_குளச்சல்:

கிழிஞ்ச வலைய கரையில விட்டுட்டு போறது எங்க பக்கத்து பழக்கம் தான். நான் எங்க வள்ளத்துக்காரங்க கிட்ட இந்த விஷயத்த சொல்லுதேன். மணக்குடியில எனக்கு ஆள் இருக்கு, அங்கயும் சொல்லி விடுதேன், ஒங்க பக்கம் வர்ற வலை அங்க இருந்து தான் வந்திருக்கணும்.

லதா_தக்கலை:

செவப்பு கண்ணு, தொண்டையில கோடு, அப்போ ஆண் வல்லூறு. மார்ச்சுக்கு மேல அதுவும் கூடு வைக்கும், அதனால அந்த முருங்கைய இப்போ கழிக்காத.

புத்தளத்துல இருந்துட்டு வீட்டோட நின்னுராத ஜெனி, மார்ச் வரைக்கும் தான் வெளிநாட்டுல இருந்து வர்ற விருந்தாளிப் பறவைங்க இருக்கும். பழையாறு கடல்ல சேருற மணக்குடி காயலுக்கு போ, பாலத்துல நின்னு பாத்தா விராலடிப்பான்ங்க மீன்பிடிக்கிற பருந்து வரலாம். மீன் தவிர வேற எதுவும் திங்காதுன்னே சொல்லலாம், மேல ஒரே எடத்துல செறகடிச்சு நின்னுட்டு கால முன்ன நீட்டி தண்ணியில விழும், எழும்பினதும் மீனோட தலைய முன்பக்கமா திருப்பி காத்த கிழிச்சுட்டு போகுற மாதிரி பிடிச்சுக்கும். அந்த திருப்புற நொடிய படம் எடுத்துப் பாரு.

தேரூர் குளத்துக்கும் வேம்பனூருக்கும் காலைல போ. ரெண்டும் 2022ல ராம்சார்ங்க உலக ஈரநிலப் பட்டியல்ல வந்த எடம். தாமரை எலை மேல தாழ்வா, செறக வி மாதிரி தூக்கி வச்சு ஆடி ஆடி ஒண்ணு வந்தா சேற்றுப் பூனைப்பருந்து, அதுக்கு முன்னால வாத்துக் கூட்டம் மொத்தமா எழும்பும், அதனால தூரத்துல வாத்து எழும்பினாலே கேமராவ தூக்கிரு. கும்பப்பூ நெல் வயல்ல எலி நெறைய, கருந்தோள் பருந்து கம்பியில உக்காந்திருக்கும், அப்புறம் அந்தரத்துல நின்னு கீழ பாக்கும். எலி விஷம் வைக்காத வயல்காரங்க கிட்ட டி மாதிரி கம்பு நட்டு வைக்க சொல்லு, ராத்திரி கூகை வந்து உக்காரும், அவங்களுக்கும் லாபம். விஷம் தின்ன எலிய தின்னா இந்த பறவைங்களும் போயிரும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்து பலமா இருக்க நாள்ல போனா பருந்தும் கழுகும் செறகே அடிக்காம காத்துல நிக்கும், படத்துக்கு அதவிட வசதி இல்ல, ஆனா கரண்ட் எடுக்க காத்தாலை பக்கம் வேலிக்குள்ள போயிராத. மேற்க எங்க பக்கம் குலசேகரம், பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத்துல கொண்டைப் பாம்புக்கழுகு கத்துறது தெனமும் கேக்கும். கீரிப்பாறை, காளிகேசம் சரணாலய எல்லை, அனுமதி வாங்கிட்டு போகணும்.

இன்னொண்ணு முக்கியம். பாத்த பறவைய பதியுற ஈபேர்ட் தளத்துல எல்லாத்தையும் போடு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புலயும் சேரு, ஆனா கூடு இருக்க மரத்த எங்கயும் போடாத, இந்த கூட்டுப் படத்த பேஸ்புக்ல இப்போ ஏத்தாத, செல்போன்ல லொகேஷன ஆப் பண்ணிட்டு எடு. வாட்ஸப்ல ஒருத்தருக்கு அனுப்பினா ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டு வாசல்ல பைக் நிக்கும். குஞ்சு பறந்து போன பெறவு எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கோ.

ஜெனி_புத்தளம்:

சரி அக்கா, லொகேஷன இப்பவே ஆப் பண்ணிட்டேன். சொந்தக்கார பையன் கிட்ட மீன் வைக்க மாட்டேன்னு சொல்லியாச்சு, அதுக்கு பதிலா அவன வலை பொறுக்க கூட்டிட்டு போறேன். நாளைக்கு வாய்க்கால் ஓரம், சனிக்கெழம உப்பளத்து வரப்பு.